மேலாளர் மறந்தாலும் வேலை நின்றுவிடாதிருக்க

தொழிலை நன்கு அறிந்தவர், நேர்மையானவர், தம்மிடம் பணிபுரிவோரிடம் அன்புள்ளவர், ஆனால் சொன்னதை மறந்துவிடுபவர். இத்தகைய மேலாளரிடம் பணிபுரிந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கடுமையான மேலாளரைப் பற்றிப் பேசுவோர் பலர். மறதியுள்ள மேலாளரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அவர்மேல் கோபம் கொள்ள மனம் வருவதில்லை. அவரை நம்பிக் காத்திருக்கவும் முடிவதில்லை.

ஆயினும் இது சிறு தொல்லை அன்று. மறதியால் விளையும் இழப்பு பெரும்பாலும் மறந்தவரைச் சேர்வதில்லை. அவரை நம்பிக் காத்திருந்தவரையே சேர்கிறது. விடுப்புக்கு வாய்மொழியாக இசைவு பெற்றவருக்குச் சம்பளம் பிடிக்கப்படுகிறது. கையொப்பத்திற்காகக் காத்திருந்த விண்ணப்பம் கெடு கடந்து போகிறது. வாடிக்கையாளருக்கு அளித்த வாக்கு தவறுகிறது. அதற்கான வசவை முகப்பில் அமர்ந்திருப்பவர் வாங்கிக்கொள்கிறார்.

இதற்குத் தீர்வு என்ன? மேலாளரின் நினைவாற்றலைத் திருத்துவது நம் பொறுப்பன்று. அது நம்மால் இயலவும் இயலாது. அவருடைய நினைவை நம்பி நிற்கும் வேலையைத் தாளுக்கு மாற்றுவதே நம்மால் இயல்வது. அதேவேளையில், முடிவெடுக்கும் உரிமை அவரிடமே இருக்க வேண்டும். நினைவு தாளில், முடிவு அவரிடம்: இவ்விரண்டும் சேர்ந்ததே இக்கட்டுரை கூற விரும்பும் முறை. இதற்கான நல்ல முன்மாதிரி நம் கோலார் தங்கவயலிலேயே இருக்கிறது.

மறதி எவ்வாறு நிகழ்கிறது?

மறதியை அலட்சியம் என்று எண்ணுவது பொதுவான வழக்கம். உண்மை அவ்வளவு எளிதன்று. 1885ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து பார்த்தார். கற்ற சில மணி நேரத்திற்குள்ளேயே பெரும்பகுதி மறந்துபோகிறது, அதன் பின்னர் மறதியின் வேகம் குறைகிறது என்பது அவர் கண்ட முடிவு. நாம் காலையில் சொன்ன செய்தி மாலைக்குள் மேலாளரின் மனத்திலிருந்து நழுவுவது இயற்கைக்கு மாறானதன்று.

நினைவில் இரு வகை உண்டு. நடந்ததை நினைவுகூர்வது ஒன்று. செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைவுகூர்வது மற்றொன்று. முன்னதற்குத் தூண்டுதல் வெளியிலிருந்து வரும். "சென்ற மாதம் எத்தனை கடன் வழங்கினீர்கள்?" என்று ஒருவர் கேட்டால் விடை தானே எழும். பின்னதற்குக் கேட்பவர் எவரும் இல்லை. மாலை நான்கு மணிக்கு ஒரு கடிதத்தில் கையொப்பமிட வேண்டும் என்பது நான்கு மணிக்குத் தானாக நெஞ்சில் உதிக்க வேண்டும். அந்நேரத்தில் தொலைபேசி ஒலித்தால், பார்வையாளர் ஒருவர் எதிரில் அமர்ந்தால், அது எழாமலே போய்விடும். இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு தணிக்கையை நாள் தவறாமல் கூறும் மேலாளர், நேற்று ஒப்புக்கொண்டதை மறப்பதன் காரணம் இதுவே.

மேலும், கேட்டவருக்கு அந்தச் செய்தி ஒன்றே ஒன்று. கேட்கப்பட்டவருக்கு அது அன்றைய முப்பதில் ஒன்று. இந்த வேறுபாட்டை உணர்ந்தால், "என்னை மதிக்காததால் மறந்தார்" என்ற மனக்குறை பெருமளவு நீங்கும்.

திறமை மறதிக்கு மருந்தாகாது என்பதையும் அறிதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு அறுவைச் சிகிச்சைக்கென 19 வினாக்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளி இவர்தாமா, அறுவை செய்ய வேண்டிய இடம் இதுதானா என்பன போன்ற எளிய வினாக்களே அவை. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதனைச் செயற்படுத்திப் பார்த்தபோது, அறுவைக்குப் பின் நிகழ்ந்த இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. இம்முடிவு 2009ஆம் ஆண்டு வெளியானது. தேர்ந்த மருத்துவர்களுக்கே பட்டியல் துணைசெய்யுமெனில், அலுவலக மேலாளருக்கு அது இழுக்காகாது.

மைசூர் மைன்ஸ் கற்பித்த பாடம்

கோலார் தங்கவயலில் மாரிக்குப்பத்தை ஒட்டிய பகுதி மைசூர் மைன்ஸ். 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மையில் வளர்ந்த தங்கவயற் சுரங்கங்களுள் மைசூர் சுரங்கமும் ஒன்று. 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்திலிருந்து இங்கு மின்சாரம் வந்தது. 1956இல் மைசூர் மாநில அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கவயலின் மிக ஆழமான பகுதிகள் நிலமட்டத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இருந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து வழங்கிய பணியிடம் அது. வாய்ச்சொல் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் போகும்போதே பாதி தேய்ந்துவிடக்கூடிய இடம்.

பாறையில் துளையிட்டு, வெடிமருந்து நிரப்பி, வெடிக்கச் செய்து, உடைந்த கல்லை மேலே ஏற்றுவதே சுரங்க வேலை. நிரப்பிய துளைகளுள் ஒன்று வெடிக்காமல் நின்றுவிடுவதுண்டு. சுரங்கத்தார் இதனை மிஸ்ஃபயர் என்பர். ஒரு ஷிஃப்டில் நின்றுபோன வெடியை, அடுத்த ஷிஃப்டில் வருபவர் அறியாமல் துளையிடும் கருவியைக் கொண்டு தொட்டால் உயிர் போகும். மறந்தவர் அப்போது வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார். துளையிட்டவர் திரும்பி வரமாட்டார். மறதியின் இழப்பு பிறரைச் சேர்கிறது என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு இல்லை.

ஆகவேதான் இந்தியச் சுரங்கச் சட்டமும் அதன் ஒழுங்குமுறைகளும் இதனை எவருடைய நினைவிலும் விட்டுவைக்கவில்லை. வெடிக்காத துளை உள்ள இடத்திற்கு ஆள் செல்லாமல் தடுக்க வேண்டும். அடுத்து வரும் பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குரிய பதிவேட்டில் எழுத வேண்டும். சொல்லுவது மட்டும் போதாது, எழுத வேண்டும். எழுதுவது மட்டும் போதாது. உரியவருக்குச் சொல்லவும் வேண்டும்.

சாஃப்டில் கூண்டை ஏற்றி இறக்குவதற்கு மணி ஒலியே குறி. எத்தனை முறை ஒலித்தால் நிறுத்த வேண்டும், எத்தனை முறை ஒலித்தால் இறக்க வேண்டும், ஆட்கள் ஏறும்போது எத்தனை ஒலி என்பதெல்லாம் முன்னரே வகுக்கப்பட்டவை. அந்தக் குறிகள் எழுதிய பலகை, மணியடிப்பவர் நிற்கும் இடத்திலும், கூண்டை இயக்கும் எந்திரத்தின் முன்னும் மாட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் அதே எந்திரத்தை இயக்கியவர் முன்னும் அந்தப் பலகை இருக்கும். அது அவரை ஐயுறுவதன் அடையாளமன்று. களைத்த நாளிலும் அவரைக் காக்கும் ஏற்பாடு. அதுபோலவே, 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், நிலத்தடியில் யார் யார் இருக்கின்றனர் என்பதை எந்நேரமும் அறியத்தக்க பதிவேட்டைக் கட்டாயமாக்கியது.

இந்த ஒழுங்கு தவறினால் என்ன நேரும் என்பதை உலகம் 1988ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் கண்டது. ஸ்காட்லாந்துக்கு அருகே வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், பழுதுபார்ப்பதற்காகப் பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது. வேலை முடியவில்லை. அச்செய்தி இரவு ஷிஃப்டின் பொறுப்பாளர்களைச் சென்றடையவில்லை. அன்றிரவு மற்றொரு பம்பு நின்றுபோகவே, அவர்கள் வால்வு இல்லாத பம்பை இயக்க முற்பட்டனர். தொடர்ந்த வெடிப்பிலும் தீயிலும் 167 பேர் உயிரிழந்தனர். வால்வைக் கழற்றியதற்குத் தாள் இருந்தது. ஆனால் வேண்டிய நேரத்தில், வேண்டியவர் கண்ணில் அது படவில்லை.

இவற்றிலிருந்து மூன்று விதிகளைத் திரட்டலாம். ஒன்று, நினைவில் வைக்க வேண்டியதைத் தாளில் வை. இரண்டு, அந்தத் தாளைச் செயல் நடக்கும் இடத்தில் வை. மூன்று, தந்தவரும் பெற்றவரும் இருவருமே அதனை அறிந்திருக்கச் செய்.

வங்கியும் நினைவை நம்புவதில்லை

வாடிக்கையாளர் சிலர், "எத்தனை தாளில்தான் கையொப்பமிடுவது!" என்று சலித்துக்கொள்வதுண்டு. வங்கியின் பழக்கங்கள் பலவும் மேற்கண்ட மூன்று விதிகளிலிருந்து பிறந்தவையே. ஒருவர் பதிவு செய்வார், மற்றொருவர் சரிபார்ப்பார். பணப்பெட்டகத்தின் சாவிகள் இருவரிடம் இருக்கும். மேலதிகாரி அவசரத்தில் தொலைபேசியில் அளித்த அனுமதியை எழுத்தால் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

சட்டமும் அவ்வாறே. கேட்கும்போது செலுத்துவதாக எழுதிய கடன் பத்திரத்தின் பேரில் வழக்குத் தொடுக்க, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் பத்திரத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளே தருகிறது. அதற்குள் கடன் பெற்றவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால், அந்நாளிலிருந்து புதிதாகக் காலம் தொடங்கும். "அவர் வாயால் ஒப்புக்கொண்டார்" என்பது இங்கு உதவாது. ஆகையால் எந்தப் பத்திரம் எந்நாளில் காலாவதியாகிறது என்ற குறிப்பேட்டை வங்கி பேணுகிறது. கிளை மேலாளர் மாறலாம், மறக்கலாம், குறிப்பேடு மறக்காது.

பெரிய நிறுவனங்கள் தமக்கென அமைத்துக்கொண்ட இந்த ஏற்பாட்டை, தனி ஊழியர் ஒருவர் தமக்கும் தம் மேலாளருக்கும் இடையே சிறிய அளவில் அமைத்துக்கொள்ள முடியும்.

நடைமுறையில் ஐந்து படிகள்

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். மைசூர் மைன்ஸில் வசிக்கும் இளைஞர் ஒருவர், நாள்தோறும் காலை இரயிலேறிப் பெங்களூருவில் ஒரு தனியார் நிறுவனத்திற்குப் பணிக்குச் செல்கிறார். தங்கவயலிலிருந்து இவ்வாறு சென்றுவருவோர் பல்லாயிரவர். அவர் ஒரு வீட்டை வாங்க முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்திருக்கிறார். ஒப்பந்தப்படி மாத இறுதிக்குள் கிரயம் முடிய வேண்டும். இல்லையேல் முன்பணம் போய்விடும். வீட்டுக் கடனுக்காக வங்கி ஒரு சம்பளச் சான்றிதழைக் கேட்கிறது. திங்கட்கிழமை நடைவழியில் மேலாளரைக் கண்டு சொல்கிறார். "சரிப்பா, கொடுத்துவிடலாம்" என்கிறார் மேலாளர். வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது, சான்றிதழ் வரவில்லை. இனி அவர் செய்யத்தக்கவை யாவை?

முதற்படி: பேசியதை அன்றே எழுத்தாக்குதல். நடைவழியில் பேசியதை மாலைக்குள் மின்னஞ்சலிலோ, அலுவலகம் பயன்படுத்தும் வேறு வழியிலோ சுருக்கமாக அனுப்ப வேண்டும். "வணக்கம் சார். இன்று காலை தாங்கள் கூறியபடி, வீட்டுக் கடனுக்கான சம்பளச் சான்றிதழின் வரைவை இணைத்துள்ளேன். வங்கியில் 20ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். 17ஆம் தேதி காலை கையொப்பத்திற்கு அச்சுப்படியுடன் வருகிறேன். திருத்தம் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்." இதில் குற்றச்சாட்டு இல்லை, கெஞ்சலும் இல்லை. என்ன முடிவாயிற்று, அடுத்தது என்ன, என்று, யார் செய்வது என்ற நான்கும் இருக்கின்றன. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் மறதிக்கு இடம் கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: மேலாளர் செய்ய வேண்டியதை மிகச் சிறிதாக்குதல். "ஒரு சான்றிதழ் வேண்டும் சார்" என்று கேட்டால், அவர் யாரிடம் சொல்லி எழுதவைப்பது, எந்தப் படிவம், எந்த விவரம் என்று ஐந்து வேலைகளை நினைவில் வைக்க வேண்டும். வரைவு ஆயத்தமாக இருந்தால், படித்துப் பார்த்துக் கையொப்பமிடுவது ஒன்றே மீதி. கேள்விகளையும் அவ்வாறே வடிக்கலாம். "இதை என்ன செய்யலாம் சார்?" என்பதைக் காட்டிலும், "இதற்கு இரண்டு வழிகள் உள்ளன, முதல் வழி செலவு குறைவு, இரண்டாவது விரைவு, எதைச் செய்யட்டும்?" என்பது விடை பெறும்.

மூன்றாம் படி: ஒரே பட்டியல். நிலுவையில் உள்ளவற்றை எல்லாம் ஒரே தாளில் எழுதி வைத்தல். பொருள், கேட்ட நாள், கெடு, இப்போதைய நிலை என்று நான்கு கட்டங்கள் போதும். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம், மேலாளருடன் அமர்ந்து அதனைப் பார்த்துவிட வேண்டும். நாளொன்றுக்கு ஆறு முறை கதவைத் தட்டி ஆறு செய்தி கேட்பவர் மேலாளரின் மறதியைத் தாமே வளர்க்கிறார். ஒவ்வொரு குறுக்கீடும் முந்தைய ஒன்றை அவர் மனத்திலிருந்து தள்ளிவிடும்.

நான்காம் படி: நினைவூட்டலுக்கு உரிய நேரம். காலை பத்து மணிக்கு அவசரக் கூட்டத்திற்கு விரைபவரிடம் நினைவூட்டுவது வீண். அவர் செயலாற்றக்கூடிய நேரத்தில், செயலாற்றக்கூடிய இடத்தில் நினைவூட்ட வேண்டும். கையொப்பத் தாளைக் கையிலேயே கொண்டுசெல்வது சுரங்கத்தில் பலகையை எந்திரத்தின் முன் மாட்டுவதற்கு ஒப்பாகும். கெடுவுக்கு முதல் நாள் நினைவூட்டுவது தாமதம். கெடுவுக்கு முன் இன்னொரு முறை முயலும் அளவுக்கு நாள் மிச்சம் இருக்கும்போதே நினைவூட்டிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: ஒப்படைப்பு. விடுப்பில் செல்லும்போதோ, பணி மாறும்போதோ, பாதியில் நிற்கும் வேலைகளை எழுதி, அடுத்தவரிடம் வாயாலும் சொல்லி, மேலாளருக்கும் ஒரு படி தருதல். மேலாளர் தம் நினைவிலிருந்து அதனைப் புதியவருக்குச் சொல்வார் என்று எதிர்பார்த்தல் ஆகாது. வெடிக்காமல் நிற்கும் துளைகள் எல்லா அலுவலகங்களிலும் உண்டு.

நம் எடுத்துக்காட்டு இளைஞர் இதனைத் திங்கட்கிழமையே தொடங்கியிருந்தால் வெள்ளிக்கிழமை கவலைப்பட நேர்ந்திராது. வெள்ளிக்கிழமை தொடங்கினாலும் இழப்பில்லை. வரைவுடன் நேரில் சென்று நின்றால் அன்று மாலையே கையொப்பம் கிடைக்கக்கூடும். அதற்கிடையே வங்கிக்கும் ஒரு சொல் தெரிவித்துவிடுவது நலம். எந்தத் தாள் எதனால் தாமதமாகிறது என்று முன்னரே அறிந்தால், மற்ற ஆய்வுகளை வங்கி தொடர்ந்து நடத்த முடியும்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லை"

மறதியுள்ள மேலாளரிடம் மிகவும் மனம் நோகும் தருணம் இது. தாம் சொன்னதையே அவர் மறுக்கிறார். பெரும்பாலும் இது பொய்யன்று; அவருடைய நினைவில் அது உண்மையாகவே இல்லை. அவ்வேளையில் எழுத்துக் குறிப்பை எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே பின்வரும் உறவு அமையும்.

பலர் முன்னிலையில் மின்னஞ்சலைக் காட்டி, "இதோ பாருங்கள், நீங்கள்தான் சொன்னீர்கள்" என்று நிறுவினால் வாதத்தில் வெல்லலாம். ஆனால் அடுத்த முறை அவர் எதையும் எழுத்தில் தர அஞ்சுவார். தனித்துக் கண்டு, "சார், 12ஆம் தேதி இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது, அதன்படி வேலை தொடங்கிவிட்டேன். இப்போது மாற்ற வேண்டுமானால் மாற்றிவிடுகிறேன், எப்படிச் செய்யட்டும்?" என்று கேட்பது நன்று. குறிப்பு சான்றாகவும் நிற்கிறது. முடிவு அவரிடமே இருக்கிறது. எழுத்து என்பது இருவருக்கும் பொதுவான துணை. ஒருவரைப் பிடிக்க மற்றவர் வைக்கும் பொறியன்று.

திருக்குறளில் மறதியின் தீமையைக் கூறும் பொச்சாவாமை என்னும் 54ஆம் அதிகாரம், ஆள்வோருக்குரிய அரசியல் பகுதியில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. அதிகாரம் உடையவரின் மறதி அவரோடு நிற்பதில்லை என்பதை அவ்வைப்புமுறையே உணர்த்துகிறது. ஆள்வோரிடம் பணிபுரிபவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் மன்னரைச் சேர்ந்தொழுதல் என்னும் 70ஆம் அதிகாரம் தனியே உண்டு. மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருத்தல், காலமறிந்து சொல்லுதல் ஆகியவை அங்கு வலியுறுத்தப்படும் பண்புகள். இன்றைய அலுவலகத்திற்கும் அவை பொருந்தும்.

உதவியின் எல்லை

மேலாளர் மறக்கிறார் என்பதற்காக அவருடைய அதிகாரத்தை நாமே எடுத்துக்கொள்வது உதவியாகாது. இங்குதான் நல்லெண்ணம் உடையோரும் சிக்கலில் அகப்படுகின்றனர்.

சிறு நிறுவனங்களில் இரு பழக்கங்களைக் காணலாம். அடிக்கடி நினைவூட்டும் தொல்லை வேண்டாம் என்று, உரிமையாளர் காசோலைப் புத்தகம் முழுவதிலும் முன்கூட்டியே கையொப்பமிட்டுக் கணக்கரிடம் கொடுத்துவிடுவது ஒன்று. இணையவழி வங்கிச் சேவையின் கடவுச்சொல்லையும், ஒருமுறைக் கடவெண்ணையும் கணக்கரிடம் சொல்லிவைப்பது மற்றொன்று. இரண்டும் மறதிக்கு மருந்தல்ல. மறதியைக் காட்டிலும் பெரிய நோய். வெற்றுக் காசோலை தொலைந்தால் உரிமையாளருக்குக் கேடு. பணம் குறைந்தால், நேர்மையான கணக்கரால் தம் தூய்மையை நிறுவ இயலாது. இவ்வாறு கையொப்பமிட்ட காசோலையைப் பணிவுடன் மறுப்பதே கணக்கருக்குப் பாதுகாப்பு.

இவற்றுக்கு மாற்று வழிகள் உள்ளன. மாதந்தோறும் ஒரே நாளில் செலுத்த வேண்டிய தவணைக்கு நிலையான அறிவுறுத்தலை வங்கியில் பதிவுசெய்துவிடலாம். நிறுவனங்களுக்கான இணையவழிச் சேவையில், கணக்கர் பதிவுசெய்ய, உரிமையாளர் ஒப்புதல் தரும் இருநிலை அமைப்பைக் கேட்டுப் பெறலாம். உரிமையாளர் தம் கைப்பேசியில் ஒப்புதல் மட்டும் அளித்தால் போதும். நினைவில் வைக்க வேண்டியதைக் கணக்கர் பட்டியலில் வைத்திருப்பார்.

அந்தப் பட்டியலில் தவறாது இருக்க வேண்டிய நாள்கள் சில. ஊழியர் வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. ஆகிய இரண்டிற்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதி கெடு. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்கு அளிப்போருக்கு 3பி படிவத்தின் கெடு 20ஆம் தேதி. அது தவறினால் தாமதக் கட்டணமும், செலுத்த வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும் சேரும். காசோலை எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதங்களே செல்லும். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இதுவே நடைமுறை. மேசை இழுப்பறையில் மறந்துபோன காசோலை நான்காம் மாதத்தில் வெறும் தாளே.

மேலாளராக இருப்பவர்களுக்கு

இதனைப் படிக்கும் வாசகர்களுள் பலர் தாமே மேலாளராகவோ உரிமையாளராகவோ இருக்கக்கூடும். மறதி உண்டு என்று ஒப்புக்கொள்வதால் மதிப்புக் குறையாது. "நடைவழியில் சொன்னால் மறந்துவிடுவேன், எழுதி அனுப்புங்கள்" என்று வெளிப்படையாகக் கூறும் மேலாளரிடம் பணிபுரிவது எளிது. நினைவூட்டியவரிடம் சினந்துகொள்ளும் மேலாளருக்கு, அடுத்த முறை எவரும் நினைவூட்ட மாட்டார்கள். அதன் விலையை அவர் பின்னர் அறிவார்.

வீட்டிலும் மேலாளர் உண்டு. குடும்பத்தின் வைப்புகள், காப்பீடுகள், கடன்கள் யாவும் ஒருவருடைய நினைவிலேயே இருக்கும் வீடுகள் ஏராளம். அவர் மறந்தாலோ மறைந்தாலோ மற்றவர்க்கு ஒன்றும் தெரிவதில்லை. பத்து ஆண்டுகள் இயக்கமோ உரிமைகோரலோ இல்லாத வைப்புத் தொகை, 2014ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி அமைத்த வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. அதன் பின்னும் உரியவர் தம் வங்கி வழியாகக் கேட்டுப் பெறலாம். இத்தகைய வைப்புகளைத் தேடுவதற்கென ரிசர்வ் வங்கி 2023ஆம் ஆண்டு உத்கம் என்னும் இணையதளத்தையும் தொடங்கியுள்ளது. ஆயினும் ஒரு தாளில் கணக்கு விவரங்களை எழுதி, நியமனதாரரையும் பதிவுசெய்து வைத்திருந்தால் தேடும் நிலையே வராது.

மறதி நோயாகும்போது

இதுகாறும் கூறியது வேலை மிகுதியால் வரும் இயல்பான மறதியைப் பற்றியது. நேற்றுவரை கூர்மையாக இருந்தவர் திடீரென்று ஒரே கேள்வியைப் பலமுறை கேட்டாலோ, பழகிய வழியையோ பெயரையோ மறந்தாலோ, நன்கு அறிந்த கணக்கைப் போடத் தடுமாறினாலோ, அதனை நகைப்புக்கு உரியதாக்காமல் அவருடைய குடும்பத்தாருக்கு மென்மையாக உணர்த்துவது கடமை. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, உறக்கமின்மை, மனச்சோர்வு போன்றவற்றாலும் நினைவு மங்கும். இவை சிகிச்சையால் சீராகக்கூடியவை. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் போன்ற மருத்துவ நிறுவனங்களில் நினைவுக் குறைபாட்டுக்கான ஆய்வும் ஆலோசனையும் கிடைக்கின்றன. காலத்தே சென்றால் பயன் மிகுதி.

இந்த வாரம் செய்து பார்க்க

படித்ததோடு நில்லாமல், பின்வரும் மூன்றை இவ்வாரமே செய்து பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று: உங்கள் மேலாளரிடம் வாய்மொழியாக மட்டும் நிற்கும் இசைவுகளை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் தவறினால் மிகுதியான இழப்பைத் தரும் ஒன்றைத் தேர்ந்து, என்ன, அடுத்தது என்ன, என்று, யார் என்ற நான்கும் அடங்க இன்றே எழுதி அனுப்புங்கள்.

இரண்டு: நிலுவைப் பட்டியல் ஒன்றைத் தொடங்கி, வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குமாறு மேலாளரிடம் கேளுங்கள். முதல் வாரமே அவர் அந்தப் பத்து நிமிடத்தை மறந்துவிடக்கூடும். மனம் தளராமல் பட்டியலை அவர் மேசைமீது வைத்துவிட்டு, அடுத்த நாள் சென்று பாருங்கள்.

மூன்று: நீங்கள் நாளை பணிக்கு வர இயலாது போனால், உங்கள் இடத்தில் அமர்பவர் அறிய வேண்டியது என்னவென்று அரைப் பக்கம் எழுதி வையுங்கள். மேலாளரின் மறதியைப் பற்றிக் குறைகூறும் நாமும் இன்னொருவருக்கு முந்தைய ஷிஃப்ட்காரரே.